தாள்பை கட்டிய கதிர்கள்

ஒரு கரண்டி புக்கையில் பல்லில் ஏதோ தட்டுப்பட்டது.

காய்ச்சலில் வாய் கசந்து கிடந்த நேரம். போர்வைக்குள் இருந்தபடியே என் கணவர் சபா நீட்டிய கிண்ணத்தை வாங்கினேன். அவர் மனம் நோகக் கூடாதே என்று ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டேன். புக்கை என்றால் எங்கள் பக்கத்துப் பொங்கல். சர்க்கரை, பயறு, ஏலக்காய், தேங்காய்ப்பால் எல்லாம் அளவாகத்தான் இருந்தன. நடுவில் ஒன்று மட்டும் சோற்றோடு மசியாமல் நின்றது. கடித்தேன். உள்ளே மெத்தென்று, பால் மணத்தோடு, இளம் புல்லின் வாசம் வந்தது.

அந்த ருசி எனக்கு நன்றாகத் தெரியும். அப்போது என் வேலையில் பாதி, கோதுமை மணிகளைக் கடித்துப் பார்ப்பது. கதிரில் பால் பிடித்திருக்கிறதா, மா கட்டிவிட்டதா, முற்றிவிட்டதா என்பதை எங்கள் துறையில் எவ்வளவு பெரிய பேராசிரியரும் முதலில் பல்லால்தான் தெரிந்துகொள்வார்.

"என்னப்பா, கோதுமை மாதிரிக் கிடக்கு?" என்று கேட்டேன்.

சபாவின் முகம் மலர்ந்தது. "கண்டுபிடிச்சிட்டீர். இண்டைக்குத் தைப்பூசமெல்லே. புதிர் எடுத்தனான்."

"எங்கையிருந்து?"

"உம்மட கண்ணாடி வீட்டிலை இருந்துதான். லண்டனிலை இந்தக் குளிருக்கை வேற எங்கை கதிர் கிடக்கு?"

"எந்தக் கதிர் அப்பா?"

"நல்ல கதிர்தான். பை கட்டி வைச்சிருந்தீரே, அதுகள்."

வாயில் இருந்ததை விழுங்குவதா துப்புவதா என்று எனக்குத் தெரியவில்லை. என் ஆராய்ச்சியை நானே தின்றுகொண்டிருந்தேன்.

பாண் மா ஆராய்ச்சி

போன வாரம் எங்கள் இல்ஃபோர்ட் வீட்டைப் பற்றி எழுதும்போது சமையலறையை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

எண்பதுகளின் கடைசி அது. நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்து, ஒரு உதவித்தொகையில் லண்டனுக்கு வந்து, கோதுமை விளைச்சலின் மரபியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். விம்பிள்டன் கோயிலில் யாராவது என்ன படிக்கிறாய் என்று கேட்டால் பதில் சொல்வது பெரும்பாடு. "நெல்லை விட்டுட்டு ஏன் பிள்ளை கோதுமை?" என்பார்கள். ஒரு அன்ரி பக்கத்தில் இருந்தவரிடம், "யோகா பாண் மாவிலை டொக்டர் பட்டம் எடுக்கப் போறாவாம்" என்று அறிமுகம் செய்துவைத்தார். நான் மறுக்கவில்லை. பாண் என்றால் எங்கள் ஊரில் பிரெட். யோசித்துப் பார்த்தால் அது சரிதான்.

கல்லூரிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஒரு கண்ணாடி வீடு இருந்தது. வெளியே மூன்று மணிக்கே இருட்டத் தொடங்கும் மாதங்களில்கூட உள்ளே பெரிய விளக்குகள் எரியும். கோதுமைப் பயிருக்கு அது எப்போதும் கோடைகாலம். ஈரமண் வாசமும் சூடான கண்ணாடியின் வாசமும் சேர்ந்து அடிக்கும். குளிரில் நடுங்கி வந்து அந்தக் கதவைத் திறக்கும்போது மூக்குக் கண்ணாடியில் ஆவி படியும். அது தெளியும்வரை வாசலிலேயே நிற்பேன். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஒன்று கூடினால் ஒன்று குறையும்

விளைச்சல் என்று ஒரு மரபணு கிடையாது. இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஒரு செடியில் எத்தனை கதிர், ஒரு கதிரில் எத்தனை மணி, ஒரு மணி எவ்வளவு பாரம் என்ற மூன்றும் சேர்ந்ததுதான் விளைச்சல். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஏகப்பட்ட மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாக வேலை செய்கின்றன. அதிலும் ஒரு பொல்லாத்தனம் உண்டு. மணிகள் கூடினால் மணி சிறுத்துவிடும். மணியைப் பெருக்க வைத்தால் எண்ணிக்கை குறைந்துவிடும். செடியிடம் இருக்கும் உணவு அவ்வளவுதான், பங்கு போடத்தானே வேண்டும்.

இந்தக் கணக்கை மீறிய ஒரே பெரிய ஆள், செடியைக் கட்டையாக்கும் மரபணு. தண்டு உயராததால் வைக்கோலுக்குப் போக வேண்டிய உணவு கதிருக்குப் போனது. காற்றில் சாய்ந்து விழுவதும் நின்றது. அந்த ஒரு மாற்றத்தால் உலகத்தில் எத்தனையோ வீடுகளில் வயிறு நிறைந்தது.

இதை நான் முதன்முதலில் சபாவுக்குச் சொன்னபோது அவர் மிகவும் கவனமாகக் கேட்டார். காரணம் இருந்தது. அவர் என்னைவிட ஒரு பிடி கட்டை. எங்கள் கலியாணப் படத்தில் அவர் ஒரு செங்கல்லின் மேல் நிற்கிறார். வேட்டி அதை மறைத்துவிட்டது.

"அப்ப நான் நல்ல இனம் எண்டு சொல்லும்" என்றார்.

"ஓம். சாய்ஞ்சு விழமாட்டியள்" என்றேன்.

அந்தப் பேச்சை அவர் தன் பெற்றோல் ஸ்டேசனில் வேலை செய்த எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார்.

எனக்குக் கிடைத்த வேலை இதுதான். மணி பெருத்த ஒரு இனத்தையும் மணி நிறைந்த ஒரு இனத்தையும் கலக்க வேண்டும். பிறக்கும் பிள்ளைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். பேரப்பிள்ளைகளில்தான் குணங்கள் சிதறும். அந்தச் சிதறலில் இரண்டு நல்ல குணமும் சேர்ந்த ஒன்றிரண்டு கிடைக்குமா என்று தேட வேண்டும்.

கோதுமை தன் மகரந்தத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும் பயிர். அதைக் கலப்பதென்றால், பூ விரியும் முன்பே ஒவ்வொரு பூவையும் இடுக்கியால் திறந்து, உள்ளே இருக்கும் மூன்று மகரந்தப் பைகளையும் காயப்படாமல் எடுத்துவிட வேண்டும். பிறகு கதிருக்கு மெல்லிய தாள்பை ஒன்றைக் கட்டி, சில நாள் கழித்து மற்ற இனத்தின் மகரந்தத்தைத் தூவி, மறுபடியும் பையைக் கட்ட வேண்டும். கை நடுங்கினால் பூ செத்துவிடும். அந்த மார்கழி முழுக்க நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்தேன். கடைசியில் மணி பிடித்தவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் கதிர்கள்.

அந்த மணிகள் முற்றி, நான் அவற்றை விதைத்தால்தான் கோடைக்குள் பேரப்பிள்ளைத் தலைமுறையின் விதை கிடைக்கும். தவறினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் உதவித்தொகை முடிந்துவிடும், என் படிப்பும் அதோடு சரி.

இப்போதெல்லாம் ஒரு துளி இலையைக் கொடுத்தால் இயந்திரம் அதன் மரபணுவை வாசித்துச் சொல்கிறதாம். நல்லது. அப்போது எங்களுக்கு விதைத்துவிட்டுக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி தெரியாது.

பொத்திக் கட்டினால் கோயிலுக்கு

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் எனக்குக் கடும் காய்ச்சல். எழும்ப ஏலாது. கண்ணாடி வீட்டுக்குத் தண்ணீர் விட ஆள் வேண்டும். சபா தன் ஷிப்டை மாற்றிக்கொண்டு தானே போய் வந்தார். கல்லூரியின் வாசல்காரருக்கும் அவரைப் பழக்கம். நான் படுக்கையிலிருந்தே சொல்லி அனுப்பினேன். "பை கட்டின கதிர்தான் முக்கியம். அதுகளை வலு கவனமாய்ப் பாருங்கோ."

அவர் கவனமாகத்தான் பார்த்தார்.

புதிர் என்றால் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு விடுகதைதான் ஞாபகம் வரும். எங்கள் பக்கத்தில் தைப்பூசத்தன்று வயலிலிருந்து புதுக் கதிர் வெட்டி வந்து சாமிக்கு வைப்பார்கள். அதில் கொஞ்சத்தை உரித்து, அன்றைய பொங்கல் பானையில் சேர்ப்பார்கள். அதற்குப் பெயர் புதிர் எடுத்தல். கிளிநொச்சிப் பக்கத்தில் சபாவின் குடும்பத்துக்கு வயல் இருந்தது. அவர் பிறந்த நாள்முதல் அந்த வீட்டில் ஒரு தைப்பூசமும் அது இல்லாமல் போனதில்லை.

அவர்கள் வீட்டு வளவில் இன்னொரு வழக்கமும் உண்டு. மரத்தில் முதலில் காய்க்கும் நல்ல பலாக்காயைச் சாக்கால் சுற்றிக் கட்டிவிடுவார்கள். கட்டியாயிற்று என்றால் அது கோயிலுக்கு. அதன்பிறகு வீட்டில் யாரும் அதைத் தொடமாட்டார்கள். அப்படி வளர்ந்த மனிதரை, நூற்றுக்கணக்கான கதிர்களுக்கு நடுவே நாலைந்துக்கு மட்டும் பை கட்டிய கண்ணாடி வீட்டுக்குள் அனுப்பி, பை கட்டியதுதான் முக்கியம் என்றும் சொன்னால் அவர் வேறு என்ன நினைப்பார்?

இதெல்லாம் இப்போது ஆறுதலாக எழுத வருகிறது. அன்று எனக்கு அப்படி ஒரு ஞானமும் வரவில்லை. நான் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டு அழுதேன். "என்ர படிப்பை வெட்டிக்கொண்டு வந்திட்டியள்" என்றேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கட்டிலின் விளிம்பில் இருந்தவர் எழுந்து சுவரோரம் போய் நின்றார்.

"எல்லாத்தையும் பானையிலை போடேல்லை" என்றார். "ஒரு கதிர்தான் உரிச்சனான். மிச்சம் சாமித்தட்டுக்கு மேலை கட்டியிருக்கிறன்."

நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. எனக்குக் கோபம் வந்தால் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும் என்று என் அம்மாவே சொல்வார். அன்று அதை முழுதாகக் காட்டினேன்.

மாமியின் அழைப்பு

அடுத்த நாள் சபா வேலைக்குப் போயிருந்தபோது தொலைபேசி அடித்தது. கொழும்பிலிருந்து மாமி, சபாவின் அம்மா. ஊரைவிட்டு வந்து, வெள்ளவத்தையில் உறவினர் வீட்டு அறை ஒன்றில் விசாவுக்காகக் காத்திருந்தார். வழக்கமாக, தம்பி என்று அழைக்கும் தன் மகனோடுதான் பேசுவார். நான் எடுத்ததும் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"பிள்ளை, தம்பி புதிர் எடுத்தவனாமே. மெய்யே?"

"ஓம் மாமி."

"இந்த முறை எங்கட வயல் விதைக்கேல்லை பிள்ளை. சண்டையாலை ஒருதரும் அந்தப் பக்கம் போகேலாதாம். நான் கலியாணம் முடிச்சு வந்த நாளையிலை இருந்து இப்பிடி ஒரு வருஷத்தைக் காணேல்லை. பூசத்துக்கு என்ன செய்யப் போறாய் எண்டு தம்பியைக் கேட்டனான். நீங்கள் அழாதையுங்கோ அம்மா, நான் எடுக்கிறன் எண்டு சொன்னவன். நேற்று எடுத்திட்டன் எண்டவுடனைதான் சோத்திலை கை வைச்சனான்."

மாமியே மறுபடி கேட்டார்.

"நல்ல கதிரோ பிள்ளை?"

"நல்ல கதிர் மாமி" என்றேன். "அதைவிட நல்ல கதிர் அங்கை இல்லை."

அது முழு உண்மை. வயல் விதைக்காத கதையைச் சபா எனக்குச் சொல்லவே இல்லை. எனக்குக் காய்ச்சல் என்பதால் சொல்லாமல் விட்டிருப்பார். நான் தொலைபேசியை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். சாமித்தட்டு என்பது குளிர்பெட்டிக்கு மேலே ஒரு பலகை, அதில் பிள்ளையார் படமும் லட்சுமி படமும். அதற்கு மேலே, ஆணியில், வாழைநார் கிடைக்காததால் ஒரு பழைய கரை வேட்டிக் கிழிசலால் கட்டிய கதிர்கள் தொங்கின. மஞ்சளும் சந்தனமும் வைத்திருந்தார். ஒரு மணிகூட உதிராமல் பக்குவமாகக் கட்டியிருந்தார். என் கோபம் அங்கேயே தீர்ந்துபோனது.

ருசி எப்படி இருந்தது?

காய்ச்சல் விட்டதும் என் ஆசிரியர் மார்கரெட்டிடம் போனேன். வேல்ஸ்காரி, ஓய்வு பெறும் வயது. மதியச் சாப்பாட்டைக் கண்ணாடி வீட்டுக்குள் நின்றபடியே சாப்பிடுவார். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கையிலிருந்த சான்விச்சைக் கீழே வைத்தார்.

"ருசி எப்படி இருந்தது?" என்று கேட்டார்.

"நன்றாகத்தான் இருந்தது" என்றேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"மா கட்டியிருந்ததா?"

"கட்டத் தொடங்கியிருந்தது."

"அப்படியென்றால் உயிர் இருக்கலாம். இல்லாமலும் போகலாம். உரிக்காதே. கதிரிலேயே மெதுவாகக் காயட்டும். இப்போது எங்கே இருக்கிறது?"

"சாமி படத்துக்கு மேலே."

"அங்கேயே இருக்கட்டும். சூடும் புகையும் மட்டும் படாமல் பார்த்துக்கொள்."

இதை நான் வீட்டில் வந்து சொன்னேன். அன்று முதல் எங்கள் வீட்டில் ஊதுபத்தி இல்லை, சாம்பிராணி இல்லை, கற்பூரம் இல்லை. சபா ஒரு சிறிய விளக்கை மட்டும் தட்டின் மறு மூலையில் வைத்துக் கும்பிட்டார். ஹீட்டரையும் குறைத்துவிட்டார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, நாங்கள் வீட்டுக்குள் கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு ஒட்டி உட்கார்ந்து தேநீர் குடித்தோம். வந்து போனவர்கள், கேஸ் பில்லுக்குப் பயந்து இப்படி இருக்கிறோம் என்று ஊரெல்லாம் சொன்னார்கள்.

ஆனால் சபா முன்னைப்போல இல்லை. மாமி பேசியதை நான் சொல்லிவிட்டேன், கோபமில்லை என்றும் சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். பகிடி விடுவதும் சிரிப்பதும் நின்றுவிட்டன. கண்ணாடி வீட்டுப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். சனிக்கிழமைகளில் என்னைக் கொண்டுவந்து கல்லூரி வாசலில் விட்டுவிட்டு, மாடிக்கு வராமல் வெளியே குளிரில் நிற்பார். மணிகள் போனால் என் படிப்பு போகும். அது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் மணிகள் போனால் இந்த மனிதர் இப்படியே இருந்துவிடுவாரோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

ஈரத்தாளில்

கதிர்கள் காய்ந்ததும் மணிகளை உரித்தேன். கைக்குள் பொத்தினால் காணாமல் போகிற அளவுதான் இருந்தது. பாதிக்கு மேல் சூம்பி, சுருங்கி, பார்க்கவே பாவமாக இருந்தன. பச்சையாய் வெட்டிய கோதுமை லேசில் முளைக்காது, அதைக் கொஞ்ச நாள் குளிரில் வைத்து எழுப்ப வேண்டும். ஈரத்தாள் விரித்த கண்ணாடித் தட்டில் அடுக்கி, மூடி, ஆய்வுகூடக் குளிர்பெட்டியில் வைத்தேன். பிறகு எடுத்து, கண்ணாடி வீட்டு மேசைக்கடியில் வெதுவெதுப்பான இருட்டில் வைத்தேன்.

அந்த நாட்களில் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. திறந்து பார்க்கக் கை துடிக்கும். திறந்தால் ஈரம் போய்விடும் என்று விடுவேன். மார்கரெட் வாசலில் வந்து எட்டிப் பார்ப்பார், ஒன்றும் கேட்காமல் போய்விடுவார். மாசி முடியப் போகிற ஒரு சனிக்கிழமை, இனிப் பொறுக்க முடியாது என்று தீர்மானித்தேன்.

"மேலை வாங்கோ" என்று சபாவிடம் சொன்னேன்.

"நான் ஏன்? நீர் போய்ப் பாரும்."

"எனக்குத் தனியப் பார்க்கேலாது."

வந்தார். படிகளில் எனக்குப் பின்னால் மெதுவாக ஏறி வந்தார். கண்ணாடி வீட்டுக் கதவருகே இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு நின்றார். அங்கிருந்த எதையும் தொட்டுவிடக் கூடாது என்று அவர் நின்ற விதம் எனக்குத் தாங்கவில்லை. தட்டை மேசையில் வைத்து அவரை அருகே இழுத்தேன். மூடியை எடுத்தேன்.

சூம்பியவை அப்படியே கிடந்தன. சிலதில் பூஞ்சணம் பிடித்திருந்தது. மற்றவற்றில், ஒவ்வொரு மணியின் நுனியிலும், வெள்ளை வெளேரென்று வேர்கள் விட்டிருந்தன. மூன்று மூன்றாக, மயிர்போல. ஒன்றிரண்டில் வெளிறிய முளைகூட எட்டிப் பார்த்தது.

"காணுமோ, போதுமோ?" என்று சபா கேட்டார்.

"காணும்" என்றேன். "தாராளமாய்க் காணும்."

அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அங்கிருந்த கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். வயல் விதைக்கவில்லை என்று கேட்டபோது அழவில்லை, ஊரைவிட்டு வரும்போது அழவில்லை என்று இடையிடையே சொன்னார். நான் குனிந்து அவர் தலையை என்னோடு சேர்த்துக்கொண்டேன். அவ்வளவு நாளும் அவரை எவ்வளவு தேடியிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

முளைகளை ஒவ்வொன்றாகச் சின்னச் சட்டிகளில் நட்டோம். நான் இடுக்கியால் எடுத்து வைக்க வைக்க, அவர் மண்ணை நிரப்பி நிரப்பித் தந்தார். கடைசிச் சட்டியும் விளக்குக்குக் கீழே போனபிறகு கைகழுவிக்கொண்டே சொன்னேன்.

"நாளைக்கு நான் வரேலாது. நீங்கள் வந்து தண்ணி விடுறியளோ?"

"நானோ?"

"வேற ஆர் இருக்கினம்?"

சட்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றிக் கதவில் மாட்டிவிட்டு, தண்ணீர்க் குவளையைக் கையில் எடுத்தார்.

"எவ்வளவு விடவேணும் எண்டு ஒருக்காச் சரியாச் சொல்லும்" என்றார்.